தங்கவயலிலிருந்து முத்தோரை வரை: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள்: கோலார் தங்கவயல்

மதுரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில், தேனி மாவட்டத்தில் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்திருந்த வாரங்களில், விடுதியில் தங்கிப் படித்த தேவாரம் பக்கத்துப் பையன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "சார், நியூட்ரினோ வந்தா எங்க ஊர்ல கிணறு வத்திருமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பையும் நொடிக்கு 6,500 கோடி வீதம் ஊடுருவிக்கொண்டிருக்கின்றன, அவற்றால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்டது கிணற்றைப் பற்றி என்பது எனக்கு உறைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. இந்தப் பொங்கல் விடுமுறையில், இயற்பியலுக்காக மலையையும் சுரங்கத்தையும் பயன்படுத்திய சில இடங்களை வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியதற்கு அந்தப் பையனே காரணம்.

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் சின்னஞ்சிறு கிளைப்பாதையில் கோரமண்டல், ஊர்கான், சாம்பியன் என்று நிலையங்கள் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. இறங்கியதும் காதில் விழுந்தது தமிழ். ஆங்கிலேயக் குழுமம் 1880இல் சுரங்கத்தை ஆழப்படுத்தத் தொடங்கியபின் வட ஆற்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களின் நான்காம் தலைமுறை இது. ஊரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் குன்றுகள் நிற்கின்றன. அவை குன்றுகளே இல்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண். காற்று அடித்தால் அந்தத் தூசு வீட்டுத் திண்ணை வரை வந்து படிகிறது. நான் போன மத்தியானமும் வந்தது. தேநீர்க் கடையில் தம்ளர்களைக் கவிழ்த்தே வைத்திருந்தார்கள்.

வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் பதிவானதை 1965இல் முதன்முதலாக உலகுக்கு அறிவித்த கட்டுரை, இந்த ஊரின் அடியில் நடந்த சோதனையிலிருந்துதான் வந்தது. கதையின் தொடக்கம் 1951. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை இறங்குகின்றன என்று அளந்து வரும்படி ஹோமி பாபா, பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரைத் தங்கவயலுக்கு அனுப்பினார். ஆழம் கூடக் கூட மியூவான்கள் குறைந்தன. கடைசியில் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் கீழே கருவியை வைத்து இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆய்வாளர்கள் இதில் ஒரு வாய்ப்பைக் கண்டார்கள். இவ்வளவு அமைதியான இடத்தில் ஏதாவது பதிவானால், அது வேறெதுவும் நுழைய முடியாத பாறையை ஊடுருவி வந்த நியூட்ரினோவின் வேலையாகவே இருக்க வேண்டும். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைப் பொருத்தின. அதே நேரம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் அமெரிக்க இயற்பியலாளர் பிரெடெரிக் ரைன்ஸின் குழு இதே தேடலில் இருந்தது. அவர்கள் கருவியில் துகள் முதலில் பதிவானது. கோலார்க் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் முந்தி வெளியானது.

மாலையில், 1970களில் வேலைக்குச் சேர்ந்து சுரங்கம் மூடும்வரை இருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். 1980களில், அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்ற துகள் சிதைகிறதா என்று பார்க்க அதே ஆழத்தில் நடந்த சோதனைக்கு இரும்பு இறக்கிய ஆட்களில் அவரும் ஒருவர். கூண்டில் இறங்கும்போது காது அடைப்பதையும், கீழே பாறை சுடுவதையும், எப்போது வெடிக்கும் என்று தெரியாத பாறைவெடிப்பையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நடுநடுவே இருமினார். "அவங்க எதுக்கு வந்தாங்கன்னு அவங்களும் சொல்லல, நாங்களும் கேக்கல தம்பி. பள்ளம் ஏற்கெனவே இருந்துச்சு, வந்தாங்க" என்றார்.

கடைசி வாக்கியத்தை அறைக்கு வந்ததும் குறித்துக்கொண்டேன். இந்தியத் துகள் இயற்பியலின் பெருமைமிக்க அத்தியாயத்துக்கு ஒரு பிடி மண்ணைக்கூட அறிவியல் தன் செலவில் தோண்டவில்லை. தங்கத்துக்காக அந்தப் பள்ளம் தோண்டப்பட்டிருந்தது. அதற்கான விலையை நுரையீரலில் பாறைத்தூசு ஏறியவர்கள் கொடுத்திருந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நீரிறைப்பது நின்றதும் ஆழமெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டது.

இரண்டாம் நாள்: ஜோலார்பேட்டை, மதுரை, பொட்டிப்புரம்

நள்ளிரவு தாண்டி ஜோலார்பேட்டையில் போடி விரைவு வண்டியைப் பிடித்தேன். மீட்டர்கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப்பாதை போடுவதற்குள் போடிக்காரர்கள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயிலில்லாமல் இருந்தார்கள்; 2023 ஜூனில்தான் வண்டி திரும்ப வந்தது. காலையில் மதுரை வந்தபோது, சொந்த ஊரில் இறங்காமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பது விநோதமாக இருந்தது. அடுத்து வருவது வடபழஞ்சி. அங்கே உள்ள உயர் ஆற்றல் இயற்பியல் மையத்தில், தேனி ஆய்வகத்துக்குத் திட்டமிட்ட கருவியின் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி 2018 முதல் இயங்கிவருகிறது. ஓய்வு பெறும் முன் ஒருமுறை மாணவர்களை அங்கே கூட்டிச் சென்றிருக்கிறேன். இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே கண்ணாடித் தட்டுகளாலான வாயு உணரிகளைச் செருகி, முழுவதையும் செப்புச்சுருளால் காந்தமாக்கியிருந்தார்கள். திரையில் ஒவ்வொரு மியூவானும் சற்றே வளைந்த கோடாக வந்து மறைந்ததைப் பிள்ளைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முழுக் கருவி 50,000 டன். காந்த இரும்பு எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். நியூட்ரினோக்களில் மூன்று வகை உண்டு. அவற்றுக்கு எடை உண்டு என்பதைக் காட்டியதற்காக ஜப்பானின் தகாகி கஜிதாவுக்கும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மூன்று எடைநிலைகளில் எது மேலே, எது கீழே என்ற வரிசை இன்னும் முடிவாகவில்லை. நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் பூமியைக் குறுக்கே கடந்து வரும்போது வெவ்வேறு விதமாக மாறுகின்றன. அவை பிறப்பிக்கும் மியூவான்கள் காந்தப்புலத்தில் எதிரெதிர்ப் பக்கம் வளையும் என்பதால் இரண்டையும் பிரித்து எண்ணலாம். நல்ல யோசனை அது. உலகில் வேறு யாரும் அவ்வளவு பெரிய அளவில் அப்படி ஒரு கருவியைத் திட்டமிட்டிருக்கவில்லை.

போடி நிலையத்தில், அன்று கிணற்றைப் பற்றிக் கேட்ட என் பழைய மாணவன் வண்டியோடு நின்றான். இப்போது முப்பதை நெருங்குகிறான்; தென்னையும் கொஞ்சம் திராட்சையும் வைத்திருக்கிறான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என்பதால் வழியெல்லாம் கொம்பில் புதுச்சாயம் பூசிய மாடுகள். மலையடியில் மேயும் மலைமாடுகளின் கூட்டம் ஒன்று சாலையைக் கடக்கும்வரை கால்மணி நேரம் நின்றோம். "இதுகளுக்கு வழி விட்டுட்டுத்தான் சார் மத்ததெல்லாம்" என்றான்.

பொட்டிப்புரத்தில், ஆய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்த அம்பரப்பர் மலை தனியாக, மொட்டைப் பாறையாக நிமிர்ந்து நிற்கிறது. சார்னோக்கைட் எனப்படும் கெட்டியான பாறை அது. சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளும் அதே இனம். எந்தத் திசையிலிருந்தும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் பாறை மூடியிருக்கும்படி, பக்கவாட்டில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை குடைந்து, முடிவில் 132 மீட்டர் நீளமுள்ள குகை அமைப்பதே திட்டம். அந்தப் பாறைப் போர்வை அண்டக்கதிர் மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். முதலில் நீலகிரியில் மசினகுடிக்கு அருகே சிங்காராவைத்தான் பார்த்தார்கள். யானை வழித்தடமும் முதுமலைப் புலிகள் காப்பகமும் அருகில் இருப்பதைச் சொல்லி 2009இல் மத்திய அரசே மறுத்துவிட்டபின் இங்கே வந்தார்கள்.

மலையடியில் வேலியும் அதற்குள் புதரும்தான் இருக்கின்றன. அருகில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த முதியவர், யார் என்று விசாரித்துவிட்டு, "நீங்க அந்த ஆளுகளா, இந்த ஆளுகளா?" என்று கேட்டார். வாத்தியார் என்றான் என் மாணவன். "அப்பச் சரி" என்று உட்கார்ந்தார். அவர் பேசியதில் நியூட்ரினோ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. லட்சக்கணக்கான டன் கல்லை வெட்டியெடுத்தால் எங்கே கொட்டுவார்கள், அது எந்தச் சாலையில் போகும், வெடி வைத்தால் கிணற்று ஊற்றுக்கண் என்ன ஆகும், வேலி போட்டபின் மாடு எந்த வழியாக மலையேறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு கட்டுமானப் பொறியாளர் அரைநாள் இருந்து பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கக்கூடிய கேள்விகள் அவை. அந்த நாட்களில் ஊர்க்கூட்டங்களில் கிடைத்ததெல்லாம் நியூட்ரினோ சாதுவானது என்ற பாடம்தான் என்றான் என் மாணவன். நானும் அதே பாடத்தை நடத்தியவன் என்பதால் பேசாமல் இருந்தேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள், கதிர்வீச்சு வரும், குண்டு செய்யப் போகிறார்கள் என்று பரவியவற்றுக்கு ஆதாரம் இல்லை. வானத்திலிருந்து தானாக வரும் துகளை எண்ணும் கருவியில் கதிர்வீச்சுக்கு இடமில்லை. ஆனால் பதில் கிடைக்காத கேள்வியின் இடத்தில் வதந்திதான் வந்து உட்காரும். ஒன்றைப் பொய் என்று நிரூபித்ததாலேயே மற்றது தீர்ந்துவிட்டதாக ஆகாது.

பிறகு நடந்ததை ஊரே ஒப்பிக்கிறது. 2015 மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதலின்றி வேலை தொடங்கக் கூடாது என்றது. 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு தொடுத்த வழக்கில், கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதைக் கணக்கில் கொண்டு பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி தந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகள் நடமாடும் வழித்தடத்தில் இத்திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், 700 மீட்டர் ஆழத்தில், 20,000 டன் ஒளிரும் திரவத்தை நிரப்பிய ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில், வெறும் 59 நாள் தரவிலிருந்து இரண்டு நியூட்ரினோ அளவுகளை முன்னெப்போதையும்விடத் துல்லியமாக அறிவித்தார்கள். எடைவரிசைக் கேள்வியும் அங்கேயே தீரக்கூடும். ஓர் இயற்பியல் ஆசிரியனாக எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது.

திரும்பும்போது அவன் கிணற்றைக் காட்டினான். அடியில் காய்ந்த சேறு. "ஏழெட்டு வருஷம் ஆச்சு சார். எல்லாரும் போர் போட்டாச்சு, ஊத்து இறங்கிருச்சு. நியூட்ரினோ வராமலே வத்திருச்சு" என்று சிரித்தான். அவன் அம்மா கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கட்டிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள்: கொடைக்கானல்

தேனியிலிருந்து தேவதானப்பட்டி, காட்ரோடு வழியாக மலையேறும் பேருந்தில் டம்டம் பாறை வரை தூங்கிவிட்டேன். ஏரியைச் சுற்றி விடுமுறைக் கூட்டம்; அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சூரிய ஆய்வகம் ஊரின் உச்சியில், 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே கேள்வி பிறந்த விதமே வேறு. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அடுத்த ஆண்டே, சூரியனின் கரும்புள்ளிகள் குறையும்போது மழையும் பொய்க்கிறது என்று வாதிட்டு வானியலாளர் நார்மன் லாக்யரும் அரசின் புள்ளிவிவர அதிகாரி வில்லியம் ஹண்டரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெயிலுக்கும் பருவமழைக்கும் உள்ள உறவை அறிந்தால் பஞ்சத்தை முன்கூட்டியே கணிக்கலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் இந்த மலையில் ஆய்வகம் எழுப்பப்பட்டது. 1899இல் நிறுவி, 1901 முதல் முறையாகச் சூரியனை நோக்கத் தொடங்கினார்கள். தானியம் பஞ்சத்தின்போதும் துறைமுகம் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது என்பதைக் கரும்புள்ளிகளிடம் கேட்டிருக்க முடியாதுதான்.

நினைத்த விடை கிடைக்கவில்லை. வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர் எண்களை அலசிப் பார்த்தபோது கரும்புள்ளிக்கும் மழைக்கும் உறுதியான தொடர்பு தென்படவில்லை. பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை அவர் அந்த அலசலில்தான் கண்டார். இன்று எல் நினோ என்று ஒவ்வொரு கோடையிலும் நாம் பேசுவதன் மறுபாதி அது. கொடைக்கானலுக்கும் தனக்கான பரிசு கிடைத்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் மங்கிய விளிம்பில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலையில் கண்டார். அந்தப் பாய்ச்சல் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

காட்சிக்கூடத்தில், இருண்ட அறையின் நடுவே சூரியனின் பிம்பத்தைத் தட்டுப்போல் விழவைத்திருந்தார்கள். அதன்மேல் மூன்று சிறு கறைகள். ஒரு குழந்தை அழுக்கு என்று நினைத்து விரலால் துடைக்கப் போனது. ஊழியர் தடுக்கவில்லை; அது கையை எடுத்தபின்னும் கறை அங்கேயே இருந்தது.

நூறாண்டுக்கு மேலாக, மேகமில்லாத நாட்களிலெல்லாம் எடுத்த படங்கள் இங்கே சேர்ந்திருக்கின்றன. கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்தவற்றை இலக்கப்படுத்தியும்விட்டார்கள். பஞ்சத்துக்காகத் தொடங்கிய அந்தக் கணக்கு இப்போது வேறொரு கவலைக்குப் பயன்படுகிறது. 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தியது. 2024 மே மாதப் புயல் 2003க்குப் பின் வந்தவற்றில் மிகப் பெரியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படமெடுத்தார்கள். அதே நாட்களில் அமெரிக்க நடுமேற்கில் செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடும் விதைப்பு டிராக்டர்கள் வழி தெரியாமல் நின்றன. தாது வருடத்தில் நினைத்ததைப் போலன்றி, வேறொரு வழியாகச் சூரியன் உழவனின் வயலைத் தொட்டே விட்டது.

நான்காம் நாள்: பழனி வழியாக உதகை

நாள் முழுதும் பேருந்து. பழனியில் தைப்பூசப் பாதயாத்திரைக் கூட்டம் தொடங்கிவிட்டது. கோவை, மேட்டுப்பாளையம் தாண்டி உதகை சேர இருட்டிவிட்டது. குளிர் எலும்பைத் தொட்டது, விடுதிக்காரர் கூடுதல் கம்பளிக்குத் தனிக் கட்டணம் கேட்டார், கொடுத்தேன்.

ஐந்தாம் நாள்: உதகை, முத்தோரை

புல்வெளியெல்லாம் உறைபனி. அண்டக்கதிர் ஆய்வகத்துக்கு முன்பே எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். கிரேப்ஸ் என்று அழைக்கப்படும் இந்த இந்திய, ஜப்பானியக் கூட்டுச் சோதனையில், 8 மீட்டருக்கு ஒன்றாக ஏறத்தாழ 400 உணரிகள் திறந்தவெளியில் நிற்கின்றன. பனி உருகி அவற்றின் மூடிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 2 மீட்டருக்கு மேல் தடிமனான கான்கிரீட்டுக்கு அடியில், 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3,712, நான்கு அடுக்குகளாகக் கிடக்கின்றன. நாளொன்றுக்கு 400 கோடி மியூவான்களை எண்ணும் கருவி அது. மூடிய கட்டடத்தின் வாசலில் நின்றபோது குழாய்களின் துருவும் எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. பழைய ஒர்க்‌ஷாப் வாசனை.

2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே ஓர் இடிமேகம் கடந்தபோது, மியூவான் எண்ணிக்கை சில நிமிடங்களுக்குச் சற்றே குறைந்தது. மின்னூட்டமுள்ள துகள் மேகத்தின் மின்புலத்தைக் கடக்கும்போது ஆற்றலை இழக்கும் அல்லது பெறும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். பலூன்களும் விமானங்களும் மேகத்தின் ஒரு கோட்டை மட்டுமே அளக்க முடியும். வானம் முழுவதிலிருந்தும் பொழியும் துகள்களுக்கு முழு மேகமும் அகப்பட்டது. 2024இல் இதே உணரிகள், அண்டக்கதிர்ப் புரோட்டான்களின் ஆற்றல் பரவலில் யாரும் எதிர்பாராத ஒரு மாற்றத்தைக் காட்டின. கெய்ரோவுக்கு அருகே, இதே மியூவான்களைக் கொண்டு குஃபு பிரமிடுக்குள் குறைந்தது 30 மீட்டர் நீளமுள்ள வெற்றிடம் ஒன்றைக் கல்லைத் தொடாமலே 2017இல் கண்டுபிடித்ததும் நினைவுக்கு வந்தது.

முத்தோரைக்கு ஆட்டோ பிடித்தேன். 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் கட்டி முடித்தது, மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கிறது. உதகையின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வுள்ள சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் வைத்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், ஒன்பதரை மணி நேரம் வானத்தின் ஒரு புள்ளியைத் தொடரும். மலையைச் செதுக்காமல் மலைக்கேற்ப கருவியைப் படைத்த இந்தக் கெட்டிக்காரத்தனத்தை இந்தப் பயணத்தில் பார்த்தவற்றிலேயே நான் அதிகம் ரசித்தேன்.

கேரட் கழுவும் இடத்தருகே ஆட்டோவை நிறுத்தினார் ஓட்டுநர். அவருக்கும் அரை ஏக்கர் தோட்டம் உண்டு. "காலையில அந்தப் பெட்டிங்களப் பாத்தீங்களே, அது என்னத்துக்குங்க சார்?" என்றார். துகளில் தொடங்க வாய் எடுத்தவன் நிறுத்திக்கொண்டு, நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சற்று யோசித்தார்.

"மின்னல் எங்க விழும்னு முன்னாடியே சொல்லுமா? போன வருஷம் எங்க தோட்டத்து மரத்துல விழுந்துச்சு."

சொல்லாது என்றேன். மேகத்துக்குள் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது என்பதை அது போனபின் கணக்கிட முடியும். எந்த மரம் என்று சொல்ல முடியாது.

"உறைபனி?"

அதுவும் சொல்லாது.

"சரி, அப்ப நாளைக்கும் நாலு மணிக்கு எழுந்து தண்ணி அடிச்சாத்தான் செடி பிழைக்கும்" என்று சொல்லிவிட்டு, கழுவிய கேரட் இரண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். தண்ணீர் இன்னும் சில்லென்று இருந்தது. மேட்டுப்பாளையம் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நான் கேட்க, அதற்கு மட்டும் அவரிடம் துல்லியமான பதில் இருந்தது.